கருணை மட்டும் போதுமா?

"எங்களுக்கு எல்லா மாணவர்களும் ஒன்றுதான், நாங்கள் பேதம் பார்ப்பதில்லை" என்று, கல்லூரி ஒன்றில் வைத்தியம் பார்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் பெருமையோடு சொன்னார். திருநங்கை, திருநம்பி மாணவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று நான் சொன்னதற்கு அதுதான் பதில். நண்பர் நல்லவர். ஆனால் அவருடைய பதில் நல்லதல்ல.

பழவேற்காட்டு ஏரிக் குப்பங்களில் யார், என்றைக்கு, எங்கே வலை போடுவது என்பதைப் 'பாடு' என்ற பழைய முறைப்படி பிரித்துக் கொள்வார்கள். அந்தப் பாத்தியதை ஆண்களுக்கு. ஆண் என்று ஊர் எழுதிக்கொண்ட பிள்ளை, தன்னைப் பெண்ணாக உணர்ந்தால் ஏரியில் அவளுக்கு இடமேது? படிப்பு ஒன்றுதான் அவளுக்கு மிஞ்சிய பாடு.

சுண்ணாம்புக்குளத்திலிருந்து அப்படியொரு பிள்ளை பொன்னேரிக்கோ சென்னைக்கோ படிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலென்று வைத்தியரிடம் போகிறாள். சீட்டிலே ஆண் பெயர். காத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி அதைக் கூவுகிறார்கள். உள்ளே போனால் காய்ச்சலை விட்டுவிட்டு, "எப்போதிருந்து இப்படி? வீட்டுக்குத் தெரியுமா?" என்று விசாரணை. மறுபடி வருவாளா அவள்? மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரையை வாங்கி, யாரோ சொன்ன கணக்கில் விழுங்குவாள். அதிலுள்ள ஹார்மோன் ரத்தத்தை உறையவைத்து உயிருக்கே உலை வைக்கக்கூடும். ஒருநாள் கெண்டைக்கால் வீங்கி வந்து நிற்கும்போது, அந்த மாத்திரையைப் பற்றிப் பக்குவமாகக் கேட்கத் தெரியாத வைத்தியரின் சமத்துவம் அவளுக்கு எதற்கு?

வைத்தியரை மட்டும் நான் குற்றம் சொல்லவில்லை. அவர் படித்த பாடம் அப்படி. தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது 2008இல். தன் பாலினத்தைத் தீர்மானிப்பது அவரவர் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014இல். வைத்தியப் பாடத்திட்டத்தைத் திருத்திப் பார்க்க வேண்டும் என்று சட்டமே சொன்னது 2019இல். இது மனநோயல்ல என்று உலக சுகாதார நிறுவனம் திருத்திய நோய்ப் பட்டியல் 2022 முதல் நடப்புக்கு வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2024இல் தேசிய மருத்துவ ஆணையம் பெண்ணைப் பெண் விரும்புவதை இயற்கைக்கு விரோதமான குற்றங்களோடு சேர்த்துப் பாடத்தில் மறுபடி நுழைத்தது; கண்டனம் எழுந்ததும் சில தினங்களில் வாபஸ் வாங்கிக்கொண்டது. எழுதிய கை தடுக்கியது என்றா நினைக்கிறீர்கள்? மனம் தடுக்கியது!

இதற்கு எதிராக ஒரு மனிதரை நிறுத்துகிறேன். 2021இல், சேர்ந்து வாழப் பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியல் நிபுணரிடம் சென்று கேட்டுத் தெரிந்துகொண்டார், பிறகுதான் தீர்ப்பெழுதினார். நீதிபதிக்கு இல்லாத வெட்கம் வைத்தியருக்கு எதற்கு?

எனவே பயிற்சி என்பது விருப்பமிருந்தால் வந்து போகிற அரை நாள் சொற்பொழிவாக இருக்கக்கூடாது. வைத்தியர், நர்ஸ், மனநல ஆலோசகர், வாசலில் பெயர் கூப்பிடுகிறவர் அனைவருக்கும் அது கட்டாயமாக வேண்டும். என்ன பெயரால் அழைப்பது, எதைக் கேட்பது, எதைக் கேட்காமலிருப்பது, எந்த ரகசியத்தைக் காப்பது, எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது — இவையெல்லாம் கற்றுத்தான் வரும். கற்றுக்கொடுக்கிறவர்களில் திருநங்கையரும் திருநம்பியரும் இருக்கட்டும். அதற்குரிய ஊதியமும் அவர்களுக்குக் கொடுக்கட்டும்.

"கருணை இருந்தால் போதாதா?" என்பார் என் நண்பர். ஐயா, சேறு எங்கே, ஆழம் எங்கே, முகத்துவாரம் எப்போது அடைபடும் என்று தெரியாமல், "எனக்கு எல்லாத் தண்ணீரும் ஒன்றுதான்" என்று ஏரியில் இறங்குகிற மீனவனைச் சுண்ணாம்புக்குளத்தில் காட்டுங்கள். அப்புறம் உங்கள் சமத்துவத்தை நான் ஒப்புக்கொள்கிறேன்.