பாதிப் பாடம்

பாலையூற்றில் நம் வீடு கண்டி வீதிக்கு அண்மையில் இருக்கின்றது. மாலை வேளைகளில் திண்ணையிலிருந்து விடைத்தாள் திருத்தும்போது, வீதியிற் போகும் மோட்டார் சைக்கிள்களின் ஓசையைக் கேட்டே எது நோயுற்றது, எது நலமாயிருப்பது என்று ஓரளவு சொல்லிவிடுவோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. திருத்தும் வேலையில் மனம் நில்லாமைக்கு இது சான்று என்பது நம் இல்லாளின் கட்சி.

அந்த ஓசைகளுள் ஒன்று சென்ற ஆண்டு முழுவதும் நம் நெஞ்சை உறுத்தியது. வண்டிக்குரியவர் நம்மிடம் பௌதிகவியல் கற்ற ஓர் இளைஞர். கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடும் உத்தியோகம். பன்குளம், முதலிக்குளம் பக்கத்துக் கிறவல் வீதிகளிலும் குளக்கட்டுகளிலும் நாள்தோறும் அலைய வேண்டியவர். தாயாரின் காப்புச் சோடி அடைவுக்குப் போயிற்று; யப்பானில் முன்பே ஓடிய 250 சி.சி. வண்டியொன்று வீட்டுக்கு வந்தது. ஒற்றைச் சிலிண்டர், உயர்ந்த ஆசனம், பெரிய முன்சில்லு; காடும் மேடும் கடப்பதற்கென்றே செய்யப்பட்ட இனம்.

இளைஞரின் அறைச் சுவரில் ஒரு படம் உண்டு. 1978 டிசம்பர் 26ஆந் திகதி பாரிஸில் தொடங்கி, சகாராவைக் கடந்து டக்கார் நகரில் முடிந்த முதலாவது நெடும்பயண ஓட்டத்தில், ஒற்றைச் சிலிண்டர் யமஹா எக்ஸ்.ரி. 500 வண்டியில் வென்ற சிறில் நெவோ என்ற பிரெஞ்சு இளைஞரின் படம் அது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வளர்ந்திருக்க வேண்டும். ஒருநாள் நம் வாசலில் நின்று கேட்டார்:

"சேர், சைலன்சரைத் திறந்துவிட்டால் பவர் கூடுமோ?"

"கூடும் தம்பி" என்றோம். எரிந்த வாயு தடையின்றி வெளியேறினால் புதிய கலவை உள்ளே வர இடமுண்டாகும் என்று விளக்கமும் சொன்னோம். ஆசிரியனிடம் அவனுக்குப் பிடித்த பாடத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால் வேறென்ன செய்வான்? சொல்லிக்கொண்டிருக்கையில் உள்ளேயிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தது. பாடம் அத்துடன் நின்றது.

அடுத்த கிழமையே சைலன்சரின் உட்குழாய்கள் வெட்டப்பட்டன. காற்றுப் பெட்டி கழற்றப்பட்டு, பளபளக்கும் திறந்த வடியொன்று காபரேற்றரின் வாயில் ஏறியது. தெருவிலுள்ள கைக்குழந்தைகளெல்லாம் விழித்துக்கொண்டன. வண்டி முன்னையிலும் துடிப்பாக ஓடுகின்றது என்று அவர் மகிழ்ந்தார். துடிப்பும் உண்மைதான்.

மூன்று மாதங்களின் பின், ஒரு மாலைப் பொழுதில், கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையிலான நேர் வீதியில் அவர் முழு வேகத்திற் போய்க்கொண்டிருந்தார். யானை இறங்கும் நேரத்துக்கு முன் காட்டைக் கடந்துவிட வேண்டும் என்ற அவசரம். பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எஞ்சின் நின்றால் அதனோடு செயினாற் பிணைந்த பின்சில்லும் நிற்கும். அந்தக் கணத்தில் கிளச்சைப் பிடித்தாலன்றித் தப்ப முடியாது. அவர் பிடிக்கவில்லை. காறை எலும்பு முறிந்து, வீதியோரத்தில் ஒரு மணி நேரம் இருட்டிற் கிடந்து, லொறிக்காரர் ஒருவரின் புண்ணியத்தால் வைத்தியசாலை சேர்ந்தார்.

தாயார் நம்மிடம் வந்தார். "உங்கட சொல்லை வேதமாய் எடுக்கிற பிள்ளை, சேர். அந்தச் சனியனை விற்கச் சொல்லுங்கோ" என்றார். நம் சொல்லை வேதமாய் எடுத்ததனாலேயே இது நேர்ந்தது என்பதை அந்த அம்மாவுக்கு உடனே சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வண்டியை விற்றால் உத்தியோகமும் போகும் என்பதை மட்டும் சொன்னோம். திருத்தித் தருகின்றோம் என்று நாமாகவே பொறுப்பேற்றும் வந்தோம்.

எலும்பு கூடியபின், ஞாயிற்றுக்கிழமைகளில், வயதான மெக்கானிக் ஒருவரை வைத்துக்கொண்டு அவர் வீட்டு முற்றத்தில் எஞ்சினைப் பிரித்தோம். முதலிற் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை சுண்ணாம்பு போல் வெளுத்திருந்தது. "இதைப் பார்த்தாற் போதும், மற்றதைப் பார்க்கத் தேவையில்லை" என்றார் கிழவர். பிஸ்டனின் தலை அரித்திருந்தது. பக்கங்களில் நெடுகக் கீறல்கள்.

நாம் சொல்லாது விட்ட மறுபாதி இதுதான். பெற்றோல் முற்றாக எரிய, நிறையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வலுவும் பெற வேண்டுமாயின் காற்று சற்றுக் குறைந்து 13 பங்களவில் நிற்க வேண்டும். மிகுதிப் பெற்றோல் வீணன்று. அது ஆவியாகும்போது உள்ளே குளிர்ச்சி தருகின்றது. காற்றுப் பெட்டியின் தடை இருக்கும்வரை எஞ்சினின் உறிஞ்சல் காபரேற்றர் ஜெட்டில் வலுவாகப் படும். தடையை நீக்கினால் காற்று கூடுகின்றது, ஜெட்டின் மேல் உறிஞ்சல் குறைகின்றது. ஆகவே காற்று கூடும் அதே வேளையிற் பெற்றோல் குறைகின்றது. மெலிந்த கலவை கொதிக்கின்றது. ஊருக்குள் அரைவாசிக் கைப்பிடியில் ஓடும்போது ஊசியே பெற்றோலை அளப்பதனால் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. முழுக் கைப்பிடியில், பெரிய ஜெட்டின் ஆட்சியில், இருபது நிமிடம் தொடர்ந்து ஓடும்போதுதான் வெளிப்படும். நம் வீட்டிலிருந்து சிறிது தூரத்திலுள்ள கன்னியாவில் ஏழு கிணறுகள் அருகருகே இருந்தும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடாயிருப்பதை வாசகர்கள் அறிவார்கள். காற்றாற் குளிரும் சிலிண்டரும் அப்படித்தான். கழிவு வாயு போகும் பக்கம் மிகச் சூடு, கலவை வரும் பக்கம் குறைந்த சூடு. சூடு எல்லை மீறினால் பிஸ்டன் ஒருபடித்தாக விரிவதில்லை.

சிலிண்டரைக் கடைந்து, அரை மில்லிமீற்றர் பருத்த பிஸ்டன் போட்டோம். காற்றுப் பெட்டி திரும்ப வந்தது. எண்ணெயில் நனைத்துப் பிழிந்த நுரை வடி அதனுள் ஏறியது. கிறவற் புழுதிக்கு அதைவிடக் காவல் கிடையாது. வெட்டிய சைலன்சருள் ஒரு குழாயை ஒட்டி ஓசையை அடக்கினோம். முழுவதும் பழைய நிலைக்கு வரவில்லை; ஆகையால் 128ஆம் எண் ஜெட்டைக் கழற்றி 132 போட்டோம்.

"அப்ப பவர்?" என்றார் இளைஞர். கேள்வி நியாயமானது. அவருக்கு ஒரு கணக்கைச் செய்து காட்டினோம். சென்னையைச் சேர்ந்த றோயல் என்பீல்ட் நிறுவனம் 2016இல் இமாலயன் என்னும் வண்டியை வெளியிட்டது. சிலிண்டரின் விட்டம் 78 மி.மீ., பிஸ்டன் பயணிக்கும் தூரம் 86 மி.மீ.; பெருக்கிப் பார்த்தால் 411 சி.சி. வலுவோ 24 குதிரைவலுவுக்குச் சற்று மேல். அதே காலத்து கே.ரி.எம். 390இல் விட்டம் 89, தூரம் 60. கொள்ளளவு 373 சி.சி. மட்டுமே, வலு 43 குதிரைவலு. பெரிய எஞ்சின் சிறியதிலும் மெலிந்தது ஏன்? கே.ரி.எம். தன் முழு வலுவை நிமிடத்துக்கு 9,000 சுற்றிற் காட்டும். இமாலயனைச் செய்தவர்களுக்கு அது வேண்டியிருக்கவில்லை. நாலாயிரம் சுற்றளவிலேயே 32 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசை கிடைத்தாற் போதும், கல்லிலும் மணலிலும் நிதானமாக இழுத்துச் செல்லும் என்று கருதினார்கள். 2023இல் வந்த புதிய இமாலயனில் 452 சி.சி.யும் 40 குதிரைவலுவும் வந்தன. அங்கே நீரினாற் குளிர்விக்கவும் கணினியாற் பெற்றோல் அளக்கவும் ஏற்பாடு செய்த பின்னரே வலுவைக் கூட்டினார்கள்.

குளக்கட்டில் மருந்துப் பெட்டியுடன் ஏறுபவருக்கு வேண்டியது இழுவை. அதற்கு எஞ்சினைத் தொடவே வேண்டியதில்லை. முன் பற்சில்லில் 14 பல்லுக்குப் பதிலாக 13 பல் போட்டோம். இழுவை நூற்றுக்கு ஏழரைக்கு மேல் கூடியது, உச்ச வேகம் அந்த அளவுக்குக் குறைந்தது. செலவு ஒரு சாப்பாட்டுக் காசு. பின்பக்கச் சுருள் வில்லை அவர் நிறைக்கும் பெட்டியின் நிறைக்கும் ஏற்ப இறுக்கினோம். ஆள் ஏறி அமர்ந்தால் முழு அசைவில் மூன்றிலொரு பங்கு தாழ வேண்டும். வால்வு இடைவெளியை எஞ்சின் ஆறிய விடியற்காலையிற் சரிபார்த்தோம். இவற்றுள் எதுவும் தெருவில் எவருக்கும் கேட்காது என்பது அவருக்குச் சிறிது ஏமாற்றமே.

வேலை முடிந்த அன்று தாயாரிடம் அந்தப் பாதிப் பாடத்தைப் பற்றிச் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இனிமேல் என்னையும் பக்கத்தில வைச்சுக்கொண்டு சொல்லிக் குடுங்கோ" என்றார்.

சென்ற ஞாயிறு இளைஞர் கைக்குட்டையிற் பிளக்கைச் சுற்றிக்கொண்டு வந்தார். பால்விட்ட கோப்பியின் நிறம். அடுத்த மாதம் நுவரெலியாவில் இரண்டு கிழமைப் பயிற்சி. வண்டியிலேயே போகலாமா என்று கேட்டார். தாயாரையும் அழைத்துவரச் செய்து, கடதாசியும் பேனாவும் எடுத்தோம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று நம் கடற்கரைக் காற்றிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு மெலிந்தது. இங்கே சரியான 132 அங்கே பெற்றோல் மிகுந்து, பிளக் கறுக்கும், புகையும் வரும். எஞ்சினுக்கு உடனடி ஆபத்தில்லை. இரண்டு கிழமை தங்குவதானால் அந்தப் பழைய 128 அங்கே கூடுதலாகப் பொருந்தும். "திரும்பி இறங்க முன்னம் மாத்திப் போடவேணும், அதுதானே சேர்?" என்று தாயார் கேட்டார். மகன் பழைய ஜெட்டைக் கடதாசியிற் சுற்றிக் கருவிப் பையில் வைத்தார்.