ஆய்க்குடி: கோயிலும் பள்ளியும்

தென்காசிக்கு வடகிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், வயல்கள் சூழ, அனுமன் நதிக்கரையில் இருக்கிறது ஆய்க்குடி. ஆட்சிக் கணக்கில் பேரூராட்சி. பார்வைக்கு இன்னும் கிராமம்தான். சங்ககால வள்ளல் ஆய் அண்டிரனின் ஊர் இதுவே என்பது பலர் கொள்கை. புறநானூற்றில் அவனை மிகுதியாகப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். அப்புலவர் கால் ஊனமுற்றவர் என்று கருதப்படுகிறார்; ஊனமுற்றோருக்கான பணி நடக்கும் இவ்வூருக்கு அந்தத் தொடர்பு பொருத்தம்.

ஊருக்கு அடையாளம் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். வேண்டுதல் பலித்தவர்கள் பாயசம் காய்ச்சி ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஊற்றுவார்கள். சிறுவர்கள் குனிந்து வழித்துக் குடிப்பார்கள். படிப்பாயசம் என்று அதற்குப் பெயர். குழந்தைகளோடு குழந்தையாக முருகனும் வந்து குடிப்பதாக நம்பிக்கை.

இங்கிலாந்துக் கிராமங்களில் பல பள்ளிகள் தேவாலயத்தின் நிழலில் வளர்ந்தவை. நெல்லைச் சீமையில் இடையன்குடி போன்ற மிஷன் ஊர்களும் அப்படியே. ஆய்க்குடியில் பள்ளி கோயிலின் நிழலில் அல்லாமல் வேறு வழியில் வந்தது. இவ்வூர்க்காரரான எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் இறுதியாண்டு படிக்கையில், 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வுக்குச் சென்று, உடல்திறன் சோதனையின்போது விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. தொடக்கத்தில் இருந்தவை ஓலைக்கொட்டகையும் ஐந்து பிள்ளைகளும்தான். தசைச் சிதைவு நோயுடன் வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் 1992-இல் வந்து சேர்ந்தபின் நிர்வாகம் வலுப்பெற்றது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

சங்கத்தின் சிவசரஸ்வதி வித்யாலயாவில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கிறார்கள். ஊனமுற்ற பிள்ளை படிப்பை விடுவதற்குப் பாடம் காரணமாவது குறைவு. தூக்கிக்கொண்டு போக ஆளில்லாமை, வாசற்படி, சக்கர நாற்காலி நுழையாத கழிப்பறை, சிறுநீரை அடக்கிக்கொண்டு மாலைவரை உட்கார்ந்திருக்கும் வேதனை: இவைதான் பிள்ளையை வீட்டோடு நிறுத்துகின்றன. சாய்தளமும் வண்டியும் உடற்பயிற்சியும் ஒரே வளாகத்தில் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தைக்குப் பயிற்சி முதல் சில ஆண்டுகளிலேயே தொடங்க வேண்டும். தாமதித்தால் தசை இறுகி மூட்டுகள் மடங்கிவிடும். தினமும் பேருந்தேறி மருத்துவமனைக்குப் போகக் கூலிவேலை செய்யும் தாய்க்கு இயலாது. ஆகவே சங்கத்தின் களப்பணியாளர்கள் சுற்றுக் கிராமங்களில் வீடு தேடிச் சென்று, குழந்தையை எப்படிப் பிடிப்பது, எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது என்று தாய்க்கே பழக்குகிறார்கள். ஆய்க்குடியின் பெரும் சாதனை வளாகத்துக்கு வெளியே நடக்கும் இந்த வேலைதான்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. குறைந்தது 40 சதவீதப் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியை உரிமையாக்குகிறது; ஆனால் 6 வயது முதல் 18 வரைதான். ஆறு வயதுக்குள் கிடைக்க வேண்டிய பயிற்சி கிடைக்காவிட்டால், அந்த உரிமையைப் பயன்படுத்தும் நிலையில் பல பிள்ளைகள் இருப்பதில்லை. உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழக அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான ‘விழுதுகள்’ சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. அவற்றின் பணியாளர் எண்ணிக்கையை முடிவுசெய்யும்போது, மையத்துக்கு வர முடியாத குழந்தைகளின் வீடுகளுக்குப் போகிறவர்களை முதலில் கணக்கிட வேண்டும்; பயணப்படியும் நிரந்தர ஊதியமும் அவர்களுக்கு உறுதியாக வேண்டும்.