பள்ளிக்கூடத்திற்கு விடுமுறை, வயிற்றுக்கு விடுமுறை உண்டா?

அமெரிக்காவின் வடபாகத்தில் மின்னசோட்டா என்று ஒரு மாநிலம் இருக்கின்றது. அங்குள்ள பள்ளிக்கூடங்களில் உபாத்தியாயர்கள் நீங்கலாக, பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள், மத்தியானச் சாப்பாடு ஆக்கிப் போடுகிறவர்கள், உடற்குறையுள்ள பிள்ளைகளுக்குப் பக்கத்திலிருந்து உதவுகிறவர்கள் முதலிய ஆயிரக்கணக்கான பேர் மணிக்கு இவ்வளவு என்று கூலி பேசி வேலை செய்கிறார்கள். ஜூன் வாக்கில் பள்ளிக்கூடம் மூடினால் செப்டம்பர் வாக்கில்தான் திறக்கும். அதுவரையில் இவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி கிடையாது.

இவர்களுக்கும் கோடையில் வேலையில்லாக் கால உதவித்தொகை உண்டு என்று 2023-ம் வருஷத்தில் அம்மாநிலச் சட்டசபை சட்டம் செய்தது. அதனால் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்படும் செலவை ஈடு செய்ய 13 கோடியே 50 லட்சம் டாலரும் ஒதுக்கிற்று. நல்ல காரியந்தான். ஆனால் அந்தத் தொகையோ ஒரே தடவைக்கென்று கொடுக்கப்பட்டது. வருஷந்தோறும் வருகிற கோடைக்கு ஒரே தடவைப் பணம் என்றால், இது என்ன கணக்கு என்று கேட்கின்றோம்.

இதன் பூர்வோத்தரத்தைச் சற்று கவனிப்போம். அமெரிக்காவில் வேலையில்லாதாருக்கு உதவும் ஏற்பாடு 1935-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தினால் நாடெங்கும் பரவியது. பொதுப் பள்ளிக்கூட ஊழியர்களை இதில் பெருமளவு சேர்த்தது 1976-ம் வருஷத்துச் சட்டம். சேர்க்கும்போதே ஒரு வேலியும் போட்டார்கள். “பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி வேலை உண்டு” என்று நியாயமான உறுதி இருந்தால் விடுமுறைக் காலத்துக்கு உதவித்தொகை கிடையாது என்பதே அந்த வேலி. உபாத்தியாயர்களுக்கு இது கட்டாய விதி. மற்ற ஊழியர்கள் விஷயம் மாநிலங்களின் இஷ்டத்திற்கு விடப்பட்டிருக்கிறது. உபாத்தியாயருக்காவது வருஷச் சம்பளம் பேசப்படுகிறது. மணிக்கூலிக்காரருக்கு என்ன இருக்கிறது? மூன்று மாதம் கழித்து வேலை வரும் என்ற உறுதியைக் காட்டினால் வீட்டு வாடகைக்காரன் போய்விடுவானா? மளிகைக்கடைக்காரன் அரிசி அளப்பானா?

அதே மாநிலத்தில் பனிக்காலத்தில் கட்டட வேலை நின்றால், கட்டட வேலைக்காரர் உதவித்தொகை வாங்கலாம். பனி போனதும் அவருக்கும் வேலை வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பனிக்கு ஒரு நியாயம், வெயிலுக்கு ஒரு நியாயமா? கோடை வருவது இயற்கை. கூலி நின்றவர் பட்டினி கிடப்பது இயற்கையுமல்ல, தலைவிதியுமல்ல. அது மனிதர் எழுதிய சட்டத்தின் விளைவு. மனிதர் எழுதியதை மனிதரே திருத்தலாம் என்பதற்கு 2023-ம் வருஷத்துச் சட்டமே சாட்சியாகும்.

இனிப் பணத்தின் சங்கதிக்கு வருவோம். தனியார் முதலாளிகள் சம்பளக் கணக்குப்படி வரி கட்டி, அது ஒரு பொது நிதியில் சேருகிறது. பள்ளிக்கூடங்கள் போன்ற பொது ஸ்தாபனங்களோ முன்கூட்டி வரி கட்டாமல், தங்கள் ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட உதவித்தொகையைப் பின்னால் டாலருக்கு டாலர் திருப்பிக் கட்டலாம். ஆகவே சமையற்காரி வாங்கும் ஒவ்வொரு டாலரும் அவள் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தின் தலையிலேயே விழுகிறது. சர்க்கார் பணம் தீர்ந்துபோனால் நிர்வாகிகள் எங்கே போவார்கள்? “வகுப்புச் செலவைக் குறைக்க வேண்டியதுதான்” என்கிறார்கள். அவர்கள் பயத்தை நாம் பொய்யென்று சொல்ல வரவில்லை. ஆனால் அதிலிருந்து “உரிமையையே எடுத்துவிடு” என்ற முடிவுக்கு வருவதைத்தான் ஆட்சேபிக்கின்றோம். 2025-ம் வருஷத்தில் சட்டசபையில் அப்படியும் ஒரு சாரார் பேசினார்கள்.

“ஒன்பது மாத வேலை என்று தெரிந்துதானே வந்தார்கள்?” என்பது ஒரு கேள்வி. பனியில் வேலை நிற்கும் என்று தெரிந்துதான் கொத்தனாரும் வந்தார். “கோடையில் வேறு வேலை பார்க்கலாமே” என்பது இன்னொன்று. வேலை செய்யத் தயாராயிருக்க வேண்டும் என்பதும், வேறு கூலி வந்தால் உதவித்தொகை குறையும் என்பதும் அந்த ஏற்பாட்டிலேயே இருக்கிற விதிகள். “பள்ளிக்கூடப் பணம் பிள்ளைகளுக்கல்லவா?” என்பது மூன்றாவது. அதே 2023-ல் அதே சட்டசபை பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் காலைச் சாப்பாடும் பகல் சாப்பாடும் இலவசம் என்று சட்டம் செய்தது. அந்தச் சாப்பாடு தானாக வெந்து தட்டில் விழுமா? ஆக்கிப் போடுகிறவள் கோடையில் கடன்பட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டால், செப்டம்பரில் நஷ்டப்படுவது யார்? அந்தப் பிள்ளைகளேயல்லவா?

அந்த 2023-ல் மாநில சர்க்காருக்கு ஏறத்தாழ 1,750 கோடி டாலர் மிச்சப்படும் என்று கணக்கிட்டிருந்தார்கள். பெட்டி நிறைந்திருந்தபோது உரிமை என்றார்கள். பெட்டி இளைத்ததும் அந்த உரிமையே விவாதத்துக்கு வந்துவிட்டது. இப்படி வந்து போவதற்குப் பெயர் உரிமையல்ல, தர்மம். தர்மம் வாங்குகிறவன் கொடுப்பவன் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டும். உழைத்தவர் அப்படி நிற்க வேண்டிய அவசியமில்லை.

ஆகவே நமது அபிப்பிராயம் இதுதான். சட்டம் செய்த சர்க்காரே அதற்கான செலவையும் வருஷா வருஷம் நிரந்தரமாக வரவு செலவுத் திட்டத்தில் வைக்க வேண்டும். அல்லது பள்ளிக்கூடங்களுக்கென்று ஒரு பொது நிதி ஏற்படுத்தி, எல்லாப் பள்ளிக்கூடங்களும் சர்க்காரும் முன்கூட்டியே பங்கு கட்டிவர வேண்டும். இரண்டில் எதுவும் செய்யாமல், பஸ் ஓட்டுகிறவரையும் பிள்ளையின் புத்தகத்தையும் ஒரே தராசின் இரண்டு தட்டில் வைத்து மோதவிடுவது ஆளுகிறவர்களின் கெட்டிக்காரத்தனமேயொழிய நியாயமாகாது. பிள்ளையைப் பெற்றவர்களும் உழைக்கிறவர்களும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்காமல், சட்டசபையைப் பார்த்துக் கேட்க வேண்டிய காரியம் இது.