கார்னர் என்றதும் கலைந்துபோகும் நம் அணிகள்: மலாக்கா காற்பந்துத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மலாக்கா மாநிலக் காற்பந்துச் சங்கத் தலைவர் அவர்களுக்கு,

மஸ்ஜித் தானாவில் மாலை நேரங்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லித்தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். அலோர் காஜா, காடேக், ரெம்பியா, சுங்கை பாரு என்று இந்த வட்டாரத்தில் எங்கே தமிழ்ப் பிள்ளைகள் ஆடினாலும் போய்ப் பார்ப்பேன். இந்த மடலில் நான் பணமோ கோப்பையோ கேட்கவில்லை. நன்றாக ஆடிக்கொண்டிருக்கும் ஓர் அணி, எதிரணிக்கு ஒரு கார்னரோ ஃப்ரீ கிக்கோ கிடைத்த உடனே ஏன் நிலைகுலைந்து போகிறது என்பதைத் தாங்கள் நின்று கவனிக்க வேண்டும். அதைச் சரிசெய்வதற்குத் தங்கள் கையில் உள்ள சிலவற்றைச் செய்துதர வேண்டும். அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

ஆட்டம் முடிந்து திடலோரத்தில் நிற்கும்போது காதில் விழும் விளக்கம் எப்போதும் ஒன்றுதான். "பையன்கள் குட்டை, என்ன செய்வது?" அல்லது "பந்து மேலே வந்தால் பயப்படுகிறான்கள்." இந்த இரண்டையும் நான் ஏற்கவில்லை. உயரத்தின் மேல் பழிபோட்டுவிட்டால் பயிற்சி கொடுக்க வேண்டிய நம் எல்லாருடைய பொறுப்பும் தீர்ந்துபோகிறது. அதனால்தான் அந்த விளக்கம் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நாடே பார்த்த ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜனவரி 25, கத்தாரின் அல் வக்ரா நகரம், ஆசியக் கிண்ணம். சோன் ஹியுங் மின்னும் கிம் மின் ஜேயும் ஆடிய தென் கொரியாவை நம் தேசிய அணியான ஹரிமாவ் மலாயா 3-3 என்று நிறுத்தியது. பைசல் ஹலிமின் கோலை நாம் இன்னும் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் நாம் வாங்கிய மூன்று கோல்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. முதல் கோல் கார்னரில் வந்தது: 21-வது நிமிடத்தில் லீ காங் இன் அனுப்பிய பந்தை ஜியோங் வூ யோங் தலையால் முட்டினார். இரண்டாவது லீ காங் இன் அடித்த ஃப்ரீ கிக். மூன்றாவது பெனால்டி. ஆட்டம் காயநேரத்தோடு நூறு நிமிடங்களைத் தாண்டியும், ஓடும் பந்தில் கொரியாவால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. நின்ற பந்துதான் நம் வெற்றியைச் சமநிலையாக்கியது. தலையால் முட்டிய ஜியோங் வூ யோங் கொரிய அணியின் உயரமானவர்களில் ஒருவரும் அல்லர்.

உலகத்தின் பெரிய தற்காப்புக்காரர்களைப் பார்த்தாலும் இதே கதைதான். 2006 உலகக் கிண்ணத்தை இத்தாலிக்குத் தூக்கிக்கொடுத்த அணித்தலைவர் ஃபாபியோ கன்னவாரோவின் உயரம் சுமார் 176 செ.மீ. 2010 உலகக் கிண்ணத்தில், டர்பனில் நடந்த அரையிறுதியில் ஜெர்மனியை வீழ்த்திய ஒரே கோலை அடித்த கார்லஸ் புயோலும் அவரைவிட ஓரிரு அங்குலமே கூடுதல். ஷாவியின் கார்னருக்குப் பெட்டிக்கு வெளியிலிருந்து ஓடிவந்து எழும்பினார். நின்ற இடத்திலிருந்து குதித்த ஜெர்மானியர்களால் அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஓடிவந்து குதிப்பவனை நின்றுகொண்டு குதிப்பவன் வெல்வது கடினம். கார்னர் தற்காப்பின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு சிக்கல் விதியிலேயே இருக்கிறது. கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது. ஆகவே எதிரணியினர் நம் கோல் கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே வந்து நிற்கலாம். உள்நோக்கி வளையும் பந்து கோலை நோக்கியே வருவதால் யாருடைய நெற்றியிலோ தோளிலோ உரசினாலும் போதும். இந்த நெரிசலில் இடத்தைக் காப்பதா, ஆளைக் காப்பதா என்பது பழைய கேள்வி. இடத்தைக் காத்தால் ஓடிவருபவனுக்கு வசதி. ஆளைக் காத்தால், அந்த ஆளையே பார்த்துக்கொண்டு பந்தைத் தொலைத்துவிடுகிறோம். அவன் கூட்டாளி குறுக்கே வந்து மறித்துவிட்டால் ஆளும் போய்விடுகிறான். இன்றைக்குப் பெரிய அணிகள் இரண்டையும் கலக்கின்றன. நான்கைந்து பேர் சின்னப் பெட்டியின் கோட்டில் இடத்தைக் காப்பார்கள். இரண்டு மூன்று பேர் எதிரணியின் சிறந்த தலைமுட்டிகள் வேகமெடுக்காதபடி நடுவழியில் மறிப்பார்கள். ஒருவர் குறுங்கார்னருக்கு, ஒருவர் பெட்டியின் விளிம்பில் திரும்பிவரும் பந்துக்கு. 2021-இல் அர்செனல் நிக்கோலா ஜோவரை இந்த வேலைக்கென்றே பயிற்றுநராகச் சேர்த்துக்கொண்டது. நின்ற பந்துக்கு ஒரு தனிப் பயிற்றுநர் தேவை என்று அங்கே முடிவெடுத்தார்கள். நம் அலோர் காஜா மாவட்டத்தில் அதற்கென்று ஒரு தனி மாலைகூட ஒதுக்கியது கிடையாது.

எந்த முறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைவிட, தேர்ந்தெடுத்ததைப் பதினொரு பேரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்களா என்பதே முக்கியம். எங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். "முன் கம்பம் யாருடையது?" என்றால் இரண்டு பேர் கை தூக்குவார்கள். "பின் கம்பம்?" என்றால் யாரும் தூக்கமாட்டார்கள். முதல் பந்தை எப்படியோ வெளியே முட்டிவிட்டாலும் அது நேராகப் பெட்டியின் நடுவில் விழும். பக்கவாட்டில், உயரமாக, தொலைவாக முட்ட வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்லித்தந்தார்கள்? பந்து வெளியேறிய நொடியில் எல்லாரும் சேர்ந்து முன்னே ஏறினால் எதிரணியினர் பாதிப்பேர் ஆஃப்சைடில் மாட்டுவார்கள், ஏனென்றால் அடுத்த உதையிலிருந்து அந்த விதி திரும்ப வந்துவிடுகிறது. எங்கள் பிள்ளைகள் அப்போது மூச்சு வாங்கிக்கொண்டு கோல் கோட்டிலேயே நிற்கிறார்கள். இரண்டாவது பந்தில் கோல் விழுகிறது.

இது ஏன் இப்படியாயிற்று என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். பால்மரத் தோட்டங்கள் இருந்த காலத்தில் விடியுமுன் மரம் சீவப் போனவர்கள் மதியத்துக்கெல்லாம் திரும்பிவிடுவார்கள். சாயங்காலம் லயத்துப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஒரே திடலில் ஆடினார்கள். அண்ணன் தற்காப்பில், தம்பி நடுவில், சித்தப்பா மகன் கோலில். கூப்பிடும் குரல் யாருடையது என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். தினமும் ஒரே ஆட்கள், ஒரே கோல் கம்பங்கள். யாரும் கார்னர் பயிற்சி என்று பெயர் வைக்கவில்லை, ஆனால் நடந்தது அதுதான். பின்னால் தோட்டங்கள் துண்டாயின. செம்பனை வந்தது, தாமான்கள் வந்தன, குடும்பங்கள் பிரிந்து போயின. இன்று என் அணியில் உள்ள பிள்ளைகள் வெவ்வேறு தாமான்களிலிருந்து, அப்பா அம்மா வண்டியில் கொண்டுவந்து விட்டால்தான் வருகிறார்கள். ஆட்டத்தன்றுதான் முழு அணியும் கூடுகிறது. தமிழ், மலாய், சீனப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் அணி இது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் நெரிசலில் எந்தக் கூப்பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வைக்க நேரம் வேண்டும். அந்த நேரம்தான் இல்லை.

அடுத்த காரணம் ஃபுட்சால். அது நல்ல ஆட்டம். கால் வேலையும் வேகமும் அங்கேதான் வளர்கின்றன. ஆனால் 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள கூரைக்கடியில் பந்து தலைக்கு மேலே பறந்து வருவதே அரிது. அதன் கோல் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். பெரிய திடலின் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பத்து வயதிலிருந்து சின்னக் கோலில் நின்ற பையனைப் பதினான்கு வயதில் பெரிய கோலில் நிறுத்துகிறோம். முழு அளவுத் திடல் கிடைப்பது கடினம் என்பதால் தீபாவளி, பொங்கல் போட்டிகளிலும் ஏழு பேர், ஒன்பது பேர் ஆட்டமே அதிகம். அங்கேயும் உயரப் பந்து குறைவு. பிறகு மாவட்ட அளவில் பதினொரு பேர் ஆட்டத்துக்குப் போகும்போது முதல் கார்னரிலேயே திகைக்கிறார்கள். அது பயம் இல்லை, பழக்கமின்மை.

தலையால் முட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். 2019-இல் வந்த கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு, முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட சுமார் மூன்றரை மடங்கு என்று கண்டது. அதற்கடுத்த ஆண்டே இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டல் வேண்டாம் என்று வழிகாட்டல் வந்தது. ஆகவே சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஐம்பது பந்தை முட்ட வையுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். யார் கேட்டாலும் எதிர்ப்பேன். நிற்கும் இடம், உடம்பு திரும்பியிருக்கும் பக்கம், குரல், முதல் இரண்டு அடி, இவற்றையெல்லாம் பந்தே இல்லாமல் நடந்து பழகலாம். முட்டுவதைப் பதின்ம வயதில், லேசான பந்தில், அளவோடு தொடங்கலாம். அதற்குத் தெரிந்த பயிற்றுநர் வேண்டும். எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்கு யாரும் இதை முறையாகக் காட்டித்தந்ததில்லை.

தலைவர் அவர்களே, இந்த மாவட்டத்துக்குத் தற்காப்பு அந்நியமானதில்லை. மலேசியா கண்ட மிகச் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் டத்தோ சோ சின் ஆன் 1950-இல் அலோர் காஜாவில் பிறந்தவர். அவரும் சந்தோக் சிங்கும் நடுவில் நிற்க, பின்னால் ஆர். ஆறுமுகம் கோலைக் காத்தார். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்ற காலம் அது. அந்த ஒலிம்பிக்கை நாடு புறக்கணித்ததால் போகாமல் நின்றது வேறு துயரம். நீண்ட கைகளுக்காக ஆறுமுகத்தை ஸ்பைடர்மேன் என்றார்கள். 1988-இல் விபத்தில் அவரை இழந்தோம். அவருக்குப் பிறகு இத்தனை தமிழ்ப் பிள்ளைகளில் இன்னோர் ஆறுமுகம் ஏன் வரவில்லை? எங்கள் அணிகளில் கோலில் நிற்க வைப்பது பெரும்பாலும் ஓட முடியாத பையனை, அல்லது கடைசியில் வந்து சேர்ந்தவனை. அவனுக்குப் பயிற்சி என்பது மற்றவர்கள் சுட்டுப் பழகும்போது பந்து பொறுக்குவது. கார்னர் வரும்போது வெளியே வரவா, கோட்டில் நிற்கவா என்ற முடிவை ஒரு நொடியில் எடுக்க வேண்டியவன் அவன். அதை எடுக்கக் கற்றுத்தர ஆளே இல்லாமல் அவனைத் திட்டுவது அநியாயம்.

மாநில அணிக்கு நேர்ந்தது தங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2016-இல் பிரிமியர் லீக் வாகை சூடிய மலாக்கா யுனைடெட், 2023 பருவத்துக்கு உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கிலிருந்து வெளியேறியது. மேலே இருந்த ஏணி உடைந்தபோது கீழே நின்ற பிள்ளைகளுக்குத்தான் அதிக நட்டம். மேலே மறுபடி கட்டும்போது கீழே இருப்பவர்களையும் சேர்த்துக் கட்டுங்கள்.

நான் கேட்பது இதுதான். அலோர் காஜா மாவட்டத்துக்கென்று தகுதி பெற்ற ஒரு கோல் கீப்பர் பயிற்றுநரை நியமியுங்கள். தமிழ்ப்பள்ளி, தேசியப்பள்ளி, சீனப்பள்ளி என்று பாராமல் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லாக் கீப்பர்களும் வாரம் ஒருமுறை அவரிடம் வரட்டும். மஸ்ஜித் தானாவில் முழு அளவுத் திடல் ஒன்றை, குறைந்தது ஒரு கோல் முகத்துக்காவது விளக்கு போட்டு, வாரத்தில் ஒரு மாலை வயதுப்பிரிவு அணிகளுக்குத் திறந்துவிடச் செய்யுங்கள். மாலை மழைக்குப் பிறகு சின்னப் பெட்டி சேறாகிவிடுகிறது, அங்கே மண் நிரப்பினாலே பாதிச் சறுக்கல் குறையும். குருபோங் ஹங் ஜெபாட் அரங்கில் ஆட்டமில்லாத ஒரு நாளில் மாவட்டக் கீப்பர்களுக்கு அந்தப் பெரிய கோலில் நிற்க வாய்ப்புக் கொடுங்கள். பயிற்றுநர்களுக்கான டி உரிம வகுப்பை எங்கள் பக்கத்தில் நடத்தி, நின்ற பந்துத் தற்காப்புக்கு அதில் ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்லுங்கள். மாவட்டப் போட்டிகளின் ஆட்ட அறிக்கையில் ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது என்று எழுத ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். ஒரு பருவம் முடிந்ததும் அந்தத் தாள்களை எல்லா அணிகளுக்கும் அனுப்பிவையுங்கள். அப்போது "பையன்கள் குட்டை" என்று யாரும் சொல்ல வேண்டியிருக்காது. எந்த அணிக்கு முன் கம்பத்தில் ஓட்டை, எந்த அணிக்கு இரண்டாவது பந்தில் ஓட்டை என்று தாளிலேயே தெரிந்துவிடும்.

இவற்றில் எதை, எப்போது செய்ய முடியும் என்பதை அடுத்த மாவட்டப் பருவம் தொடங்குமுன் எல்லா அணிகளுக்கும் தெரியும்படி அறிவியுங்கள். கீப்பர் பயிற்றுநர் விஷயத்தை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
மஸ்ஜித் தானாவிலிருந்து ஒரு தன்னார்வப் பயிற்றுநர்