வராதவர்களின் தீர்மானம்

"ஓட்டுப் போட்டாச்சு, இனி அவங்க பாடு." தேர்தல் முடிந்த மறுநாளே நம் கிராமங்களில் கேட்கத் தொடங்கிவிடும் பேச்சு இது. கிராம சபைக்கு ஏன் போகவில்லை என்று கேட்டால், "அங்க போய் என்ன ஆகப்போகுது? எல்லாம் முன்னாடியே எழுதி வெச்சிருப்பாங்க" என்கிறார்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள் என்பது என் வருத்தம். ஊர்ப் பணத்தில் கை வைப்பவனுக்கு இந்த நம்பிக்கையைவிடப் பெரிய காவல் கிடையாது.

முன்னாடியே எழுதி வைக்கிறார்கள், உண்மைதான். எப்படி முடிகிறது? மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் போதும். 10,000ஐத் தாண்டிய ஊராட்சியிலும் 300 பேர் போதும். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தால் அந்தக் கணக்கு நேராகிவிடும். தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குகிறார்கள். என்ன தீர்மானம் என்று வாசித்துக் காட்டாத ஊர்களும் உண்டு. எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், யாருக்குத் தொகுப்பு வீடு என்பதெல்லாம் அந்த நோட்டில்தான் இருக்கிறது. வீட்டில் இருந்துவிட்டவரின் பெயராலும்தான் அது நிறைவேறுகிறது.

அரசியல் சாசனத்தின் 243ஏ பிரிவு கிராம சபையை ஏற்படுத்தியது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்கள் அதன் உறுப்பினர். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தக் கல்வெட்டு சொல்லும் சபையில் உட்கார நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். இன்றைய சபையில் சேரிக்கும் ஊருக்கும், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உரிமை. பழையதைக் கொண்டாடிவிட்டு இதை உதறுவது என்ன நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது. ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் தலைவர் இல்லை, வார்டு உறுப்பினர் இல்லை, தனி அலுவலர் மட்டுமே. அப்போதும் கிராம சபை இருந்தது. அதற்குப் பதவிக்காலம் கிடையாது. அதைக் கலைக்கவும் முடியாது.

ஊராட்சிக்கு மதிப்பே இல்லையென்றால், மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை 1997 ஜூனில் ஏன் வெட்டிக் கொன்றார்கள்? ஒரு தலித் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்பதற்காக அவரோடு சேர்த்து இன்னும் பல உயிர்களைப் பறித்தார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் தலித்துகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவி 2006 வரை முறையாக நிரப்பப்படாமல் தடுக்கப்பட்டதே, எதற்காக? ஊராட்சியின் மதிப்பு ஆதிக்கம் செய்பவனுக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. தெரியாததுபோல் இருப்பது நாம்தான்.

தீர்மானம் போட்டாலும் அரசு மதிப்பதில்லையே என்பார்கள். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டார்கள். அரசு இறங்கி வரவில்லை. அது அரசின் குற்றம். ஆனால் ஒடிசாவின் நியம்கிரி மலையில் வேறுவிதமாக நடந்திருக்கிறது. பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராம சபைகளே சொல்லட்டும் என 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. டோங்ரியா கோந்து பழங்குடி மக்கள் நீதிபதி முன்னிலையில் எழுந்து பேசினார்கள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. அங்கே சட்டம் கைகொடுத்தது, சந்தேகமில்லை. ஆனால் கூட்டத்துக்கு ஆளே வராமல் இருந்திருந்தால் அந்தச் சட்டத்தால் என்ன பயன்?

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் விடுமுறை நாள்கள். கோயில் கொடைக்குச் சென்னையிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், பட்டியலில் பெயர் இன்னும் ஊரில்தான் இருந்தால், இதற்கும் வரலாம். வரவு செலவை வாசிக்கச் சொல்லுங்கள். பயனாளிகள் பட்டியலைப் பெயர் பெயராகப் படிக்கச் சொல்லுங்கள். படித்து முடிக்கும்வரை நோட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.