குழந்தைக்கு ஒரு மாடம்

வீடு கட்டும்போதும் வாடகைக்குப் பார்க்கும்போதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, விருந்தினர் அமரும் கூடம் எவ்வளவு பெரியது என்பதைத்தான். தொழுவதற்கு ஓர் இடம் உண்டா என்றும் சிலர் கேட்பர். பிள்ளை எங்கே விளையாடும் என்று கேட்டவரை நாம் கண்டதில்லை. நாமும் கேட்டதில்லை.

நபி (ஸல்) அவர்களின் துணைவியர் வாழ்ந்த அறைகளின் கூரையைச் சிறுவயதில் தம் கையால் தொட முடிந்தது என்று ஹஸனுல் பஸ்ரீ (ரஹ்) அவர்கள் கூறியுள்ளார்கள். அத்துணைச் சிறிய வீட்டிலும் ஆயிஷா (ரழி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுக்கென ஒரு மாடமும், அதற்கொரு திரையும் இருந்தன. காற்றில் திரை விலகியபோது பொம்மைகளும், அவற்றின் நடுவே ஒட்டுத்துணியால் சிறகு வைத்த குதிரையொன்றும் தென்பட்டன. குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வினவ, ஸுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இருந்தனவே என்று விடை வந்தது. நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். அபூதாவூதில் உள்ள இந்த ஹதீஸைப் பொம்மை கூடுமா, கூடாதா என்னும் விவாதத்திற்கே எடுத்தாள்கிறோம். அந்த மாடத்தை எவரும் கவனிப்பதில்லை.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், சிகாகோவை அடுத்த ஓக் பார்க்கில் உள்ள தம் இல்லத்தில் 1895இல் பிள்ளைகளுக்கென ஒரு விளையாட்டறையைச் சேர்த்தார். தாழ்ந்த, குறுகிய நடையைக் கடந்ததும் வில்வளைவுக் கூரை சட்டென உயர்கிறது. சன்னல்கள் பிள்ளையின் உயரத்திற்கேற்பத் தாழ அமைந்துள்ளன. அவற்றின் அடியிலுள்ள இருக்கைகளே பொம்மைப் பெட்டிகள். சுவரில் ஆயிரத்தோர் இரவுகளின் மீனவனும் ஜின்னும். (நம் வீடுகளுக்கு உருவங்கள் வேண்டா, பள்ளிவாசல்களின் நட்சத்திரக் கோலங்களே போதும்.) அவருடைய வசதி நமக்கில்லை. ஆனால் பிள்ளையின் உயரத்தை அளந்து கட்ட வசதி எதற்கு?

விருந்தினர் வருகிறார்கள் என்று எங்கள் மகள் போர்வையால் கட்டிய கூடாரத்தை ஒருமுறை நாங்களே பிரித்தெறிந்தோம். அன்று மாலை முழுவதும் அவள் கைப்பேசியுடன் அமர்ந்திருந்தாள். அது உறுத்திக்கொண்டே இருந்தது. பின்னர்க் கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டுகள் இரண்டைக் கழற்றி, கெட்டி அட்டையில் மிஹ்ராப் போன்ற வளைவொன்றை வெட்டி முன்னே பொருத்தினோம். கிதாபுகள் மேல்தட்டுக்கு உயர்ந்தன. அதில் நமக்கு நட்டமில்லை.

கூடத்தின் அழகு கெட்டுவிட்டது என்றார் உறவினர் ஒருவர். பெருநாளுக்கு முன் எடுத்துவிடலாமா என்று வீட்டிலும் பேச்சு எழுந்தது. எடுக்கவில்லை. பெருநாளன்று வந்த பிள்ளைகளில் மூவர் உள்ளே புகுந்துகொண்டனர். நான்காவது பிள்ளைக்கு இடமில்லாமல் அழுகை.