முயலின் தாடையில் கட்டியா? கீறுவதற்கு முன் பல்லைப் பாருங்கள்

செல்லமாக வளர்க்கும் முயலைத் தடவும்போது ஒருநாள் கீழ்த்தாடையில் கோலிக்குண்டு அளவில் ஏதோ கையில் தட்டுப்படுகிறது. தொட்டால் முயல் கத்தவில்லை. வழக்கம்போல ஓடுகிறது, சோபாவுக்கு அடியில் ஒளிகிறது. "கொழுப்புக் கட்டியா இருக்கும், தானா அமுங்கிடும்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார். இரண்டு மூன்று வாரத்தில் அது எலுமிச்சை அளவுக்கு வந்த பிறகுதான் பதற்றம். பக்கத்து கிளினிக்கில் ஒரு கீறல், ஒரு பிதுக்கல், ஐந்து நாள் மருந்து. கட்டி போய்விடும். பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பவும் வரும்.

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வாடகை ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு முயல் ஒரு வசதியான செல்லம். குரைக்காது, ஹவுஸ் ஓனரிடம் புகார் போகாது, வேலைக்குப் போய்விட்டு வரும்வரை கூண்டில் பேசாமல் இருக்கும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வலித்தாலும் பேசாமல்தான் இருக்கும். வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் நோயை மறைப்பது அதன் இயல்பு.

தாடையில் வரும் அந்தக் கட்டி, பெரும்பாலான நேரங்களில் தோலில் வந்த கட்டி அல்ல. பல்லின் வேரில் தொடங்கி, எலும்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த சீழ். அதைக் கீறிப் பிதுக்கி அனுப்புவதைச் சிகிச்சை என்று சொல்ல முடியாது. நோயைத் தள்ளிப்போடுவது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பல்லுக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்?

முயலுக்கு மொத்தம் 28 பற்கள். கண்ணில் படுவது உளி மாதிரி முன்னால் இருக்கும் நான்கு மட்டும். மேல்வரிசைக்குப் பின்னால் குச்சி போல இன்னொரு சின்ன ஜோடி ஒளிந்திருக்கும். மீதி 22 கடைவாயில். முயலின் வாய் அகலமாகத் திறக்காது என்பதால், அந்த 22 பற்களை வீட்டில் இருப்பவர்கள் பார்க்கவே வாய்ப்பில்லை.

இந்த 28-ம் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர். தேயாமல் விட்டால் ஒரு வருடத்தில் 10 சென்டிமீட்டர் என்று கணக்கு வரும். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. காரணம் புல். புல்லில் மணல் போன்ற சிலிக்கா துகள்கள் இருக்கின்றன. அதைத் தின்ன முயல் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து, மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். உப்புத்தாளில் தேய்ப்பது மாதிரி பல் தேய்ந்துகொண்டே வரும். வளர்வதும் தேய்வதும் சரிக்குச் சரி.

பெல்லட், பிரெட், பிஸ்கட், சாதம் என்று கொடுத்தால் இரண்டு கடியில் உடைந்துவிடும். அரைக்கிற வேலையே இல்லை. கேரட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். கார்ட்டூன் பார்த்துத் தினமும் கேரட் போடுகிறவர்கள் கொடுப்பது சர்க்கரை நிறைந்த ஒரு தின்பண்டம். தேயாத கடைவாய்ப்பல் உயர்ந்து எதிர்ப்பல்லில் முட்டும். அதற்கு மேல் போக இடமில்லாமல் வேர்ப்பக்கம் பின்னோக்கித் தாடை எலும்புக்குள் இறங்கும். கீழ்ப்பல் என்றால் தாடையின் அடி விளிம்பில் புடைப்பாகத் தட்டுப்படும். மேல்பல் என்றால் வேர் கண்ணீர்க் குழாயை அழுத்தும். "ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வடியுது" என்று கண் சொட்டுமருந்து போட்டுக்கொண்டிருக்கும் பல முயல்களுக்கு உண்மையில் பல்தான் பிரச்சினை. பற்களுக்கு நடுவே இடைவெளி விழுந்து, உணவுத் துணுக்கும் கிருமியும் வேர்வரை இறங்கினால் சீழ் வைக்கும்.

எல்லாப் பழியையும் உணவின்மேல் போட்டுவிட முடியாது. முகம் குட்டையான குள்ள இனங்களுக்குப் பிறவியிலேயே பல்வரிசை பொருந்தாமல் இருக்கும். கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் முயல்களும் உண்டு. கால்சியம் குறைவும், வெயிலே படாமல் வளர்வதும் தாடை எலும்பைப் பலவீனமாக்கிப் பல்லைத் தளர்த்துகின்றன என்பது பிரிட்டன் கால்நடை மருத்துவர் பிரான்சஸ் ஹார்கோர்ட்-பிரவுன் முன்வைத்த வாதம். எல்லா நிபுணர்களும் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் வெயிலே எட்டிப்பார்க்காத சர்வீஸ் பால்கனியில் கூண்டை வைத்திருப்பவர்கள் அதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சீழ் ஏன் வடிவதில்லை?

மனிதருக்கோ நாய்க்கோ கட்டி உடைந்தால் சீழ் வழிந்து வெளியேறும், புண் ஆறும். முயலின் சீழ் டூத்பேஸ்ட் மாதிரி கெட்டியாக இருக்கும். சீழைக் கரைத்து நீர்க்க வைக்கும் என்சைம் முயலின் வெள்ளணுக்களில் மிகக் குறைவு. போதாததற்கு, உடல் அந்தச் சீழைச் சுற்றித் தடித்த உறை ஒன்றைக் கட்டிவிடுகிறது. அந்த உறைக்குள் ரத்தம் வழியாகப் போகும் மருந்து சரியாக நுழைவதில்லை. மேலே கீறிப் பிதுக்கினால் கொஞ்சம் வெளியே வரும். உறை, அழுகிய எலும்பு, கெட்ட பல் மூன்றும் உள்ளேயே இருக்கும். திரும்ப வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மருந்தே விஷமாகும் இடம்

இதில் வீட்டில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று. அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளை முயலுக்கு வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது. முயலின் செரிமானமே குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களை நம்பி நடக்கிறது. இந்த மருந்துகள் அவற்றைக் கொன்றுவிடும். காலியான இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கும். வயிற்றுப்போக்கு, பிறகு மரணம். குழந்தைக்கு வாங்கி ஃப்ரிட்ஜில் மிச்சமிருக்கும் பிங்க் நிற சிரப்பை "கொஞ்சமா ஊத்தலாமா" என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. முயல்களின் தாடைச் சீழை ஆய்வகத்தில் சோதித்து 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பெரும்பாலும் கிடைத்தவை காற்றில்லாமல் வாழும் கிருமிகள். மனிதர்களின் பல் சீழில் காணப்படுவதற்கு நெருங்கிய உறவு. அவற்றை ஆய்வகத் தட்டில் நன்றாகக் கொன்றவை கிளிண்டாமைசினும் பென்சிலினும்! கட்டிக்கு நல்ல மருந்து, வாயில் போனால் முயலுக்கு எமன். இதனால்தான் அனுபவமுள்ள மருத்துவர்கள் பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடுகிறார்கள், அல்லது மருந்தைக் கட்டி இருந்த குழிக்குள்ளேயே வைக்கிறார்கள். வாய்வழிக்கு மெட்ரோனிடசோல், அசித்ரோமைசின், என்ரோஃப்ளாக்சசின் போன்றவை. இவை முயலுக்கு ஓரளவு பாதுகாப்பானவை. ஆனால் ஒவ்வொன்றும் எல்லாக் கிருமியையும் பிடிக்காது. எது, எவ்வளவு, எத்தனை வாரம் என்பது மருத்துவர் முடிவு. கூகுளில் தேடி எடுக்கும் அளவு வேண்டாம்.

சரி, சரியான சிகிச்சை எது?

முதலில் மண்டையோட்டு எக்ஸ்ரே. ஒரு கோணம் போதாது, பல கோணங்களில் எடுக்க வேண்டும். அசையாமல் இருக்க லேசான மயக்கம் தேவைப்படும். சிடி ஸ்கேன் கிடைத்தால் இன்னும் தெளிவு. எந்தப் பல், எலும்பு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியாமல் கத்தி வைக்கக் கூடாது.

அறுவைச் சிகிச்சையில் கட்டியை உறையோடு முழுதாக எடுக்கிறார்கள். காரணமான பல்லைப் பிடுங்கி, அழுகிய எலும்பைச் சுரண்டுகிறார்கள். பிறகு இரண்டு வழி. ஆன்டிபயாடிக் கலந்த சிறு மணிகளைக் குழிக்குள் வைத்து மூடுவது ஒன்று. குழியின் ஓரத்தைத் தோலோடு தைத்து, வாயைத் திறந்தே விட்டு, தினமும் கழுவிக் கழுவி அடியிலிருந்து ஆற வைப்பது இன்னொன்று. இரண்டாவதில் பாதி வேலை வீட்டில் இருப்பவருடையது. வலி மருந்து கொடுக்கணும், தானாகச் சாப்பிடும்வரை குழைத்த நார்ச்சத்து உணவை ஊசி இல்லாத சிரிஞ்சில் ஊட்டணும். முயல் அரை நாள், ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாலே குடல் அசைவு நின்று உயிருக்கு ஆபத்து.

கிளினிக்கை எடைபோட ஒரு கேள்வி போதும்: "ஆபரேஷனுக்கு முன்னாடி நைட்லேர்ந்து பட்டினி போடணுமா டாக்டர்?" நாய்க்கும் பூனைக்கும் ஆம். முயலுக்கு வாந்தி எடுக்கவே முடியாது; பட்டினிதான் அதற்கு ஆபத்து. "வேண்டாம், கடைசிவரை புல் போடுங்க" என்ற பதில் வந்தால் தைரியமாக ஒப்படைக்கலாம்.

மயக்க மருந்தின் அபாயத்தை மறைப்பதில் பயனில்லை. பிரிட்டனில் 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், மயக்கம் தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24 சதவீதம், முயல்களில் 1.39 சதவீதம். கட்டி சின்னதாக, முயல் தெம்பாக இருக்கும்போதே போவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த எண்ணே போதும்.

பொழிச்சலூரிலிருந்து போவது என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனைதான். பல்லாவரம் வந்து மின்சார ரயிலில் எழும்பூர், அங்கிருந்து ஆட்டோ. கத்திரி வெயிலில் மதியம் கிளம்பக் கூடாது. முயலுக்கு வியர்க்காது, கட்டியால் சாகாதது வெயிலில் செத்துவிடும். விடியற்காலையில், காற்றோட்டமான கூடையில், துணி சுற்றிய குளிர்ந்த தண்ணீர் பாட்டிலோடு கூட்டிப்போவது நல்லது.

மூன்று மாதத்துக்கான அறிவு

இவ்வளவு தெரிந்த நோய்க்கு ஏன் கீறலும் பிதுக்கலுமே நடக்கிறது? மருத்துவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தமிழ்நாட்டில் முயல் பற்றிய அறிவு வளர்ந்த இடம் பண்ணை. கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையம், நீலகிரி சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழக நிலையம், தாம்பரத்தைத் தாண்டினால் காட்டுப்பாக்கத்தில் முயல் வளர்ப்புப் பயிற்சி. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் எல்லாம் வந்தது இறைச்சிக்கும் தோலுக்கும். இறைச்சி முயல் சுமார் 12 வாரத்தில் 2 கிலோ எடை வந்ததும் விற்பனைக்குப் போய்விடும். அந்தக் கணக்கில் அடர்தீவனம் சரிதான். பல் வேர் நீண்டு சீழ் வைக்கும் வயதுவரை அந்த முயல் இருக்கப்போவதில்லை.

வீட்டு முயல் 8 முதல் 10 வருடம் வாழும். மூன்று மாத விலங்குக்கான தீவனப் பட்டியலும் மருத்துவமும்தான் அதன் தலையில் விழுகின்றன. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் குட்டி வாங்குபவரிடம் "பெல்லட் போடுங்க, கேரட் போடுங்க" என்பதோடு பேச்சு முடிகிறது. 2018-ல் வந்த செல்லப்பிராணிக் கடை விதிகளில் முயலும் அடங்கும். பதிவு, கூண்டு, சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. விற்கும்போது "இது பத்து வருடம் வாழும், தினமும் அதன் உடம்பளவு புல் தின்னணும்" என்று ஒரு துண்டுச்சீட்டு கொடுப்பதைக் கட்டாயமாக்க என்ன தடை? பல்கலைக்கழகம் நினைத்தால், முயலின் பல்லைப் பார்க்கவும் மயக்கம் கொடுக்கவும் புறநகர் மருத்துவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைக்கலாம். பண்ணையாளர்களுக்கு வருடக்கணக்காகச் செய்வதுதானே.

புல்லுக்கு எங்கே போவது?

உணவில் ஐந்தில் நான்கு பங்கு புல்லாக இருக்க வேண்டும். ஆன்லைனில் விற்கும் இறக்குமதி டிமோதி காய்ந்த புல் நல்லதுதான், விலைதான் கடிக்கும். கோயில் வாசலில் விற்கும் அருகம்புல் கட்டைக் கழுவிக் கொடுக்கலாம். கோ-4 போன்ற நேப்பியர் தீவனப்புல் கரணையை மொட்டைமாடியில் பழைய பெயின்ட் வாளியில் நட்டாலும் வளரும். அகத்தி, முருங்கைக் கீரை கொஞ்சமாக. வைக்கோலில் நார் உண்டு, சத்து குறைவு. பூஞ்சை வாசம் அடித்தால் தொடவே வேண்டாம். ஆற்றங்கரை, சாலையோரப் புல்லில் சாக்கடையும் பூச்சிமருந்தும் இருக்கலாம். வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதிவையுங்கள். தாடையின் அடி விளிம்பை இரண்டு பக்கமும் விரலால் தடவுங்கள். மோவாய் ஈரமாக இருந்தாலோ, புழுக்கை சிறுத்தாலோ, கடினமானதை விட்டுவிட்டு மெத்தென்றதை மட்டும் தின்றாலோ கட்டி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

"சில நூறு ரூபாய் முயலுக்கு ஆயிரக்கணக்கில் ஆபரேஷனா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கிய விலையை வைத்து ஒரு உயிரின் வலியை அளப்பது தப்பு. ஆனால் எல்லா முயலுக்கும் அறுவைதான் வழி என்பதும் சரியில்லை. பல பற்களில் சீழ் பரவி, கண்ணுக்குப் பின்னால் போய், முயல் மெலிந்து கிடந்தால், வலி மருந்தோடு சில வாரம் நிம்மதியாக வைத்திருப்பதோ, மருத்துவர் கையால் வலியில்லாமல் விடைகொடுப்பதோ கைவிடுவது ஆகாது. அறுவை வெற்றியாக முடிந்தாலும் கணக்கு அங்கே முடிவதில்லை. பிடுங்கிய பல்லுக்கு எதிரே இருக்கும் பல்லுக்கு இனி உரச ஆள் இல்லை. அது வளர்ந்துகொண்டே இருக்கும். சில வாரங்களுக்கு ஒருமுறை போய்த் தேய்த்துவிட்டு வர வேண்டும். கையெழுத்துப் போடும் முன் அந்தச் செலவையும் அலைச்சலையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.